சர்வர் சும்மா இருந்தது, தளம் நின்றது: காரைக்குடிப் பலகாரக் கடையின் லாராவெல் தளம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடை. மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம், மாவுருண்டை என எல்லாம் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் தயாராகின்றன. கல்யாணம், சாந்தி என்று மொத்தமாகக் கேட்பவர்கள் நேரிலோ போனிலோ சொல்லிவிடுவார்கள். சில்லறை ஆர்டர்கள் இணையதளத்தில் வருகின்றன. பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, அடுத்து சிங்கப்பூர், மலேசியா.

தளம் பிஎச்பி 8.1 மொழியில், லாராவெல் 10 என்ற கட்டமைப்பின் மேல் எழுதப்பட்டது. டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல். வேண்டுகோள்களை வாங்கிப் பிஎச்பிக்குக் கொடுக்கும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ். இரண்டு கோர், 4 ஜிபி நினைவகம் உள்ள ஒரே மெய்நிகர் சர்வரில் எல்லாமே ஓடின. சுமார் 120 பண்டங்கள். ஒவ்வொன்றும் கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பொட்டலங்களாக. இருப்புக் கணக்கு மட்டும் வழக்கமான கடைத் தளங்களைப் போல இல்லை. காலையில் எவ்வளவு போட்டார்கள், எவ்வளவு விற்றது, எவ்வளவு உடைந்து ஒதுக்கினார்கள் என்பது பேரேடு மாதிரி வரிவரியாக ஒரு டேபிளில் ஏறும். வரவுக்குக் கூட்டல், செலவுக்குக் கழித்தல். மொத்தத்தைக் கூட்டினால் கையிருப்பு. கடையின் கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதும் முறையையே டெவலப்பர் டேபிளாக்கியிருந்தார். யோசனை நல்லதுதான். மூன்று வருடத்தில் அந்த டேபிளில் 1.8 லட்சம் வரிகள் சேர்ந்திருந்தன.

முறையீடு இரண்டு. தளம் எப்போதுமே மெதுவாகத் திறக்கிறது என்பது ஒன்று. மற்றது தீவிரமானது: சாயங்காலம் வாட்ஸாப் குழுக்களில் "இன்னைக்கு அதிரசம் ரெடி" என்று செய்தி போன சில நிமிடங்களில் தளம் மொத்தமாக நின்றுவிடும். முகப்புப் பக்கம்கூடத் திறக்காது. சிலருக்கு 504 பிழை, அதாவது பதில் வர நேரம் கடந்துவிட்டது என்ற செய்தி வரும். ஓரிரு நிமிடத்தில் யாரும் தொடாமலே தானாக எழுந்துவிடும்.

அதன் விளைவு பின்கட்டில் தெரிந்தது. பொட்டலம் கட்டும் மேசையில் ஒரே போன் எண், ஒரே முகவரி, ஒரே அரைக் கிலோ சீப்புச் சீடை என்று இரண்டு முகவரிச் சீட்டுகள் அடுத்தடுத்து அச்சாகும். "ஆச்சி, இவுங்க ரெண்டு தடவை கேட்டிருக்காகளா, இல்ல மிஷின் ரெண்டா அடிச்சிருக்கா?" என்று கட்டுகிற பையன் கேட்பதும், ஆச்சி போன் போட்டு விசாரிப்பதும் வாடிக்கையாகிவிட்டது. தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தபோது ஆய்வு தொடங்கியது.

அதற்கு முன் செய்து பார்த்தவை

பழைய பராமரிப்பாளர்கள் ஒரு வழி முயன்றிருந்தார்கள், இன்னொன்றுக்கு விலை மட்டும் சொல்லியிருந்தார்கள்.

முயன்றது சிடிஎன், அதாவது பக்கங்களின் நகலை வாடிக்கையாளருக்கு அருகிலிருந்து கொடுக்கும் இடைச் சேவை. தளத்தின் முன்னால் ஒரு சிடிஎன் வைத்து, "எல்லாவற்றையும் கேஷ் செய்", அதாவது ஒரு முறை வந்த பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதையே கொடு என்ற விதியைப் போட்டார்கள். பக்கம் பறந்தது. ஆனால் ஆர்டர் போட முடியவில்லை. படிவம் இதே தளத்திலிருந்துதான் வந்தது என்று உறுதி செய்ய, லாராவெல் ஒவ்வொரு படிவத்திலும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் என்ற ரகசிய எண்ணை வைக்கும். அது வருகையாளரின் செஷனோடு, அதாவது அவருக்கென்று சர்வர் வைத்திருக்கும் பதிவோடு, ஒத்துப்போக வேண்டும். கேஷில் இருந்த பக்கத்தில் முதலில் வந்தவரின் டோக்கன் இருந்தது. அந்த விதி செஷன் குக்கியையும் கழற்றிவிட்டதால் அடுத்தவருக்குச் சொந்தச் செஷனே கிடைக்கவில்லை. "கூடையில் சேர்" அழுத்தியவர்களுக்கு எல்லாம் 419, அதாவது பக்கம் காலாவதி என்ற செய்தி. யாரோ ஒருவர் கூடையில் போட்ட மூன்று பண்டங்கள் எல்லாருடைய தலைப்பிலும் "கூடை (3)" என்று தெரிந்தது வேறு. அரை நாளில் எடுத்துவிட்டார்கள்.

விலை சொல்லியிருந்தது பெரிய சர்வருக்கு: நான்கு கோர், 8 ஜிபி, மாத வாடகை இரட்டிப்பு. கடைக்காரர் சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தார்.

அளந்த முறை

முதல் வாரம் தளத்தில் எதையும் மாற்றவில்லை. அளக்க மட்டுமே ஏற்பாடு நடந்தது.

என்ஜின்எக்ஸ் பதிவேட்டில் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் இரண்டு நேரங்கள் சேர்க்கப்பட்டன: மொத்த நேரம், அதில் பிஎச்பிக்குப் போன நேரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக இருந்தால் நேரம் கோட் தின்பது அல்ல, வாடிக்கையாளரின் இணைப்பு தின்பது. பிஎச்பி-எஃப்பிஎம் என்பது பிஎச்பி கோடை ஓட்டும் நிரல்; அதன் ஒவ்வொரு செயல்முறையும் ஒரு வேலையாள், ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோளைத்தான் பார்ப்பார். அதன் நிலைப்பக்கம் திறக்கப்பட்டது. எத்தனை வேலையாட்கள் வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று அது சொல்லும். வெளியார் பார்க்காதபடி அதை உள் முகவரிக்கு மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். எஃப்பிஎம்மின் ஸ்லோ லாக் மூன்று நொடிக்கு வைக்கப்பட்டது. மூன்று நொடிக்கு மேல் ஓடும் வேண்டுகோள் அந்தக் கணத்தில் எந்தக் கோப்பின் எந்த வரியில் நிற்கிறது என்று அது எழுதிவைக்கும். பலரும் தொடாத வசதி. இந்த ஆய்வில் மிக அதிகம் உதவியது இதுதான்.

குவெரிகளை, அதாவது தளம் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை எண்ண, தளத்தின் நகல் ஒன்று தனி சர்வரில் எழுப்பப்பட்டு, டேட்டாபேஸும் முழுதாக நகலெடுக்கப்பட்டது, வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் மட்டும் மறைக்கப்பட்டு. முழு நகல் என்பது இங்கே முக்கியம். டெவலப்பரின் மடிக்கணினியில் இருப்பு டேபிளில் ஐம்பது வரிதான் இருந்தது. ஐம்பது வரியில் எந்தக் குவெரியும் வேகம்தான்.

வாடிக்கையாளர் பக்கத்து அளவீடு 4ஜி போனில் நடந்தது. கனத்த சுவர் வைத்த பெரிய வீட்டில் வளவைத் தாண்டினால் சிக்னல் ஒரு கோடாகிவிடும். மெதுவான இணைப்பில் சோதிக்க வேறு இடம் தேட வேண்டியிருக்கவில்லை.

கவனித்தவை: தளம் நிற்கும் கணம்

சாயங்காலச் செய்தி போனதும் நிலைப்பக்கத்தைப் பார்த்தால் விஷயம் உடனே தெரிந்தது. வேலையாட்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் வேலையில், வரிசையில் நாற்பதுக்கு மேல். அதே கணத்தில் சர்வரின் சிபியூ பத்து சதவீதம்கூடப் போகவில்லை. எஃப்பிஎம் பதிவேட்டில் பிள்ளைகளின் (அது வேலையாட்களை அப்படித்தான் அழைக்கும்) உச்ச எண் 5-ஐத் தொட்டுவிட்டது, கூட்டிப் பாருங்கள் என்ற எச்சரிக்கை பல மாதமாக எழுதப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நிறுவும்போது வரும் இயல்பு எண் 5. அதை யாரும் தொடவில்லை.

ஆனால் ஐந்து பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஸ்லோ லாக்கில் ஐந்து தடங்களும் ஒரே இடத்தில் முடிந்தன: எஸ்எம்எஸ் அனுப்பும் வெளிச் சேவையின் பதிலுக்காகக் காத்திருக்கும் கர்ல் அழைப்பு. கர்ல் என்பது பிஎச்பி வெளிச் சேவைகளோடு பேசப் பயன்படுத்தும் கருவி.

ஆர்டர் உறுதியானதும் கண்ட்ரோலர், அதாவது வேண்டுகோளைக் கவனிக்கும் கோட், வரிசையாக நான்கு வேலை செய்தது: ஆர்டரை எழுதும், இருப்பைக் கழிக்கும், எஸ்எம்எஸ் அனுப்பும், மின்னஞ்சல் அனுப்பும். அதன் பிறகே வாடிக்கையாளருக்கு "நன்றி" பக்கம். மின்னஞ்சல் க்யூவில், அதாவது பின்னணியில் பிறகு செய்யும் வேலைகளின் வரிசையில், போடும்படிதான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் தளத்தின் அமைப்புகள் இருக்கும் என்வ் கோப்பில் க்யூ இணைப்பு "சிங்க்" என்று இருந்தது. அப்படி இருந்தால் க்யூ என்பது பெயரளவுக்குத்தான், வேலை அங்கேயே அப்போதே நடக்கும். எஸ்எம்எஸ் அழைப்புக்கு நேர வரம்பு எதுவும் கொடுக்கப்படவில்லை. லாராவெலின் எச்டிடிபி கிளையண்ட் இயல்பாக 30 நொடி காத்திருக்கும். சாயங்கால நெரிசலில் அந்தச் சேவை திணறினால் ஒவ்வொரு ஆர்டரும் ஒரு வேலையாளை 30 நொடி கட்டிப்போடும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பணம் கட்டினால் முகப்புப் பக்கம் பார்க்க வந்தவருக்கும் ஆள் இல்லை. அவர் 60 நொடி காத்திருந்தால் என்ஜின்எக்ஸ் 504 கொடுத்து அனுப்பிவிடும். சேவை திரும்பி வந்ததும் ஐந்து பேரும் விடுபடுவார்கள். தளம் "தானாக" எழும்.

பிஎச்பியின் அதிகபட்ச ஓட்ட நேரம் 30 நொடிதானே, அது ஏன் வெட்டவில்லை என்ற கேள்வி வந்தது. லினக்ஸில் அந்த வரம்பு பிஎச்பி தானே செலவழிக்கும் நேரத்தை மட்டுமே எண்ணும். நெட்வொர்க் பதிலுக்கும் டேட்டாபேஸுக்கும் காத்திருக்கும் நேரம் அதில் சேராது. அதையும் சேர்த்து வெட்ட எஃப்பிஎம்மில் வேறு அமைப்பு உண்டு; இயல்பாக அது அணைந்திருக்கும்.

இரட்டைச் சீட்டின் மர்மமும் இதோடு தீர்ந்தது. ஆர்டர் முதல் வரியிலேயே எழுதப்பட்டுவிட்டது. திரை மட்டும் சுழல்கிறது. பொறுமை இழந்தவர் மறுபடி அழுத்தினார். மறு ஆர்டர், மறு கழிவு, மறு சீட்டு.

பெரிய சர்வர் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் இப்போது தெளிவு. எட்டு ஜிபி நினைவகத்தோடு அதே ஐந்து பேர் அதே இடத்தில் காத்திருந்திருப்பார்கள்.

கவனித்தவை: முகப்புப் பக்கம்

நெரிசல் இல்லாத நேரத்திலும் முகப்புப் பக்கம் பிஎச்பியில் மட்டும் 1.9 நொடி எடுத்தது. அதில் 48 பண்டங்கள். டீபக்பார் என்ற சோதனைக் கருவி காட்டிய குவெரிகள் 208.

கணக்கு இப்படி. பண்டங்களின் பட்டியலுக்கு ஒன்று. ஒவ்வொரு பண்டத்துக்கும் பொட்டலம், படம், வகை, கையிருப்பு என்று நான்கு, 48-க்கு 192. மேலே மெனுவில் 14 வகைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை பண்டம் என்று எண்ண ஒவ்வொன்று, வகைப் பட்டியலுக்கு ஒன்று, ஆகப் பதினைந்து. பட்டியலுக்கு ஒன்று, அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் மறுபடி ஒன்று: என் பிளஸ் ஒன் என்று டெவலப்பர்கள் எல்லாரும் படித்த பாடம்தான்.

வேடிக்கை என்னவென்றால் கண்ட்ரோலரில் "வித்" போட்டு உறவுகளை முன்கூட்டியே ஏற்றும் வரி ஏற்கெனவே இருந்தது. பிறகு ஏன் 192? விலையையும் படத்தையும் காட்ட, பண்டத்துக்கான மாடலில் (டேபிளின் வரியைக் குறிக்கும் கிளாஸில்) அக்ஸஸர்கள், அதாவது மதிப்பைக் கேட்கும்போது ஓடும் சிறு செயல்கள், எழுதியிருந்தார்கள். அவற்றுக்குள் உறவு, பண்பாக அழைக்கப்படாமல், அடைப்புக்குறி போட்டு மெத்தடாக அழைக்கப்பட்டிருந்தது. பண்பாக அழைத்தால் ஏற்றிவைத்ததை எடுத்துத் தரும். மெத்தடாக அழைத்தால் புதிதாக ஒரு குவெரி கட்டி டேட்டாபேஸுக்கே போகும், ஏற்றிவைத்தது வீண். சோம்பல் ஏற்றத்தை, அதாவது முன்கூட்டி ஏற்றாமல் தேவைப்படும்போது ஒவ்வொன்றாக ஏற்றுவதை, தடுக்கும் லாராவெலின் பாதுகாப்பு அமைப்பும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் அது பண்பு அழைப்பை மட்டுமே கவனிக்கிறது. அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அக்ஸஸர்களை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

எண்ணிக்கையைவிட மோசமானது கையிருப்புக் குவெரி. ஒரு முறைக்கு 25 மில்லிநொடி. 48 முறை என்றால் 1.2 நொடி, 1.9 நொடியில் பெரும்பங்கு அதுவே. காரணம், இருப்பு டேபிளில் பொட்டல எண்ணின் மேல் இண்டெக்ஸ் (புத்தகத்தின் கடைசியில் இருக்கும் அட்டவணை மாதிரி, தேடும் வரியை நேராகக் காட்டுவது) இல்லை. டேபிளை உருவாக்கும் மைக்ரேஷன் கோப்பில் அந்த எண்ணை வெறும் பெரிய முழுஎண் பத்தியாக எழுதியிருந்தார்கள். வேறு டேபிளின் வரியைச் சுட்டும் ஃபாரின் கீ என்று கட்டியிருந்தால் மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி தானே இண்டெக்ஸ் போட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு கூட்டலுக்கும் 1.8 லட்சம் வரியையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தது. குவெரி எப்படி ஓடும் என்று சொல்லும் எக்ஸ்ப்ளெயின் ஆணையை ஓட்டியதும் வகை என்ற இடத்தில் "ஆல்", அதாவது முழு டேபிளும், என்று வந்தது.

பழைய பராமரிப்பாளர்கள் மைஎஸ்கியூஎல்லின் ஸ்லோ குவெரி லாக்கைப் பார்த்துவிட்டு "டேட்டாபேஸில் பிரச்சினை இல்லை" என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த லாக்கின் இயல்பு வரம்பு 10 நொடி. ஒரு நொடிக்கு இறக்கினாலும் 25 மில்லிநொடிக் குவெரி அதில் விழாது. தனித்தனியாக வேகமாகவும் சேர்ந்து மெதுவாகவும் இருப்பவை அந்த லாக்குக்குத் தெரிவதில்லை.

கவனித்தவை: தூரமும் படமும்

சர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தது. ஹோஸ்டிங் பலகையில் முதலில் வந்த இடத்தை அப்படியே தேர்ந்திருக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து ஒரு போய்வரலுக்கு 240 மில்லிநொடி. இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் முறையில் தளம் இன்னும் 1.2 பதிப்பில் இருந்தது: இணைப்புக்கு ஒரு போய்வரல், டிஎல்எஸ்ஸுக்கு இரண்டு, பக்கத்தைக் கேட்க ஒன்று. நான்குக்கும் சேர்த்து 960 மில்லிநொடி. பிஎச்பி ஒரு வரி ஓட்டுவதற்கு முன்பே ஏறக்குறைய ஒரு நொடி போய்விடுகிறது. கோடை எவ்வளவு திருத்தினாலும் இதில் ஒரு மில்லிநொடி குறையாது.

படங்கள் போனில் எடுத்து அப்படியே ஏற்றியவை, 4000-க்கு 3000 பிக்சல், ஒன்று ஒரு எம்பிக்கு மேல். முகப்பில் 320 பிக்சல் அகலத்தில் காட்டப்படுகிறது. இறங்குவது முழுப் படம். 48 பண்டம் என்றால் 50 எம்பியைத் தாண்டும். போதாததற்கு என்ஜின்எக்ஸில் கோப்புகளைச் சுருக்கி அனுப்பும் ஜிஜிப் அமைப்பு இயல்பு நிலையிலேயே விடப்பட்டிருந்ததால் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் சுருக்கப்படாமலே போயின.

எடுத்த முடிவுகள்

வரிசை இதுதான்: முதலில் நிற்பதை நிறுத்துவது, பிறகு குவெரி, பிறகு இடமாற்றம், படம், கேஷ் கடைசியில். கேஷை ஏன் கடைசியில் வைத்தார்கள் என்று சொல்ல வேண்டும். 1.9 நொடிப் பக்கத்தைக் கேஷில் வைத்தால் அது 1.9 நொடிப் பக்கமாகவேதான் இருக்கும், பத்து நிமிடத்துக்கு ஒருவர் மட்டும் அதை அனுபவிப்பார். நெரிசலில் கேஷ் காலாவதியானால் ஒரே நேரத்தில் இருபது பேர் அதை மறுபடி கட்டப் போவார்கள்.

வெளிச் சேவைகளைப் பிரித்தல். எஸ்எம்எஸ், மின்னஞ்சல் இரண்டும் க்யூவுக்குப் போயின. எஸ்எம்எஸ் அழைப்புக்கு இணைப்புக்கு 2 நொடி, மொத்தம் 5 நொடி என்று வரம்பு. தோற்றால் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று இடைவெளி விட்டு மூன்று முயற்சி. க்யூவை ரெடிஸில் (தரவை நினைவகத்திலேயே வைத்திருக்கும் கிடங்கு) வைக்கலாம் என்ற யோசனை தள்ளப்பட்டது. நாளைக்குச் சில நூறு வேலைகளுக்கு மைஎஸ்கியூஎல் டேபிளே தாராளம். ரெடிஸைக் கேஷுக்கும் க்யூவுக்கும் பொதுவாக வைத்து, நினைவகம் நிரம்பினால் பழையதை அகற்று என்று விட்டால், அகற்றப்படுவது அனுப்ப வேண்டிய எஸ்எம்எஸ்ஸாகவும் இருக்கலாம்.

க்யூவிலிருந்து வேலைகளை எடுத்துச் செய்ய எஃப்பிஎம் ஆட்கள் அல்லாத தனி வேலையாள் ஒருவர்; அவர் நின்றுவிடாமல் சூப்பர்வைசர் என்ற நிரல் கண்காணிக்கிறது. இரண்டு எண்களைப் பார்த்து வைக்க வேண்டும்: ஒரு வேலைக்கான நேர வரம்பு, மறுமுயற்சிக்கான காத்திருப்பு. இயல்பாக முதலாவது 60, இரண்டாவது 90. முதலாவதைக் கூட்டி இரண்டாவதை மறந்தால், ஓடிக்கொண்டிருக்கும் வேலையையே இன்னொரு வேலையாள் எடுத்துவிடுவார். வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் இரண்டாகப் போகும்.

இரட்டை ஆர்டர். பணம் கட்டும் பக்கம் திறக்கும்போதே ஒரு தனி அடையாளம் உருவாக்கி, ஆர்டர் டேபிளில் அந்தப் பத்திக்கு யுனீக் இண்டெக்ஸ் போடப்பட்டது. மறுபடி அழுத்தினால் இரண்டாவது வரி ஏறாது. பழைய ஆர்டரின் பக்கமே காட்டப்படும். பட்டனை ஜாவாஸ்கிரிப்டில் முடக்குவதும் செய்யப்பட்டது, ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது.

எஃப்பிஎம் வேலையாட்களின் எண்ணிக்கை. மைஎஸ்கியூஎல் தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் பஃபர் பூலை இயல்பான 128 எம்பியிலிருந்து 1 ஜிபிக்கு உயர்த்திய பிறகு, இயங்குதளம், என்ஜின்எக்ஸ், ரெடிஸ் போக மீதி சுமார் 2 ஜிபி. ஒரு பிஎச்பி வேலையாள் 60 எம்பி எடுத்தார். வகுத்தால் 33. வைத்தது 20. ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாக இடம் சும்மா கிடப்பது ஊதாரித்தனம் போலத் தெரியலாம். ஆனால் நினைவகம் தீர்ந்து ஸ்வாப்புக்கு, அதாவது மெதுவான டிஸ்க்குக்கு, போன சர்வர், ஆள் பற்றாத சர்வரைவிடக் கேடு. ஐநூறு வேண்டுகோளுக்கு ஒரு முறை வேலையாள் மாற வேண்டும், 20 நொடிக்கு மேல் ஓடும் வேண்டுகோள் வெட்டப்பட வேண்டும் என்பதும் சேர்க்கப்பட்டது.

குவெரிகள். அக்ஸஸர்களில் அடைப்புக்குறிகள் எடுக்கப்பட்டன. மெனு எண்ணிக்கை ஒரே குவெரிக்கு வந்தது. கையிருப்பு 48 பண்டத்துக்கும் சேர்த்து ஒரே கூட்டலாக. இருப்பு டேபிளில் பொட்டல எண், அளவு இரண்டும் சேர்ந்த ஒரு கூட்டு இண்டெக்ஸ். அளவையும் இண்டெக்ஸில் சேர்த்ததால் கூட்டலுக்கு டேபிளைத் தொடவே வேண்டாம், இண்டெக்ஸிலிருந்தே விடை வரும். 208 குவெரி 7 ஆனது. தேடலில் முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்ட லைக் குவெரி இண்டெக்ஸைப் பயன்படுத்தாது என்று ஒருவர் கவலைப்பட்டார். 120 வரிக்கு இண்டெக்ஸே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள், சரியாகவே.

லாராவெலின் சொந்த கேஷ்கள். கான்ஃபிக், ரூட், வியூ மூன்றும் தளத்தை ஏற்றும்போதே கேஷ் செய்யப்படுகின்றன. பிஎச்பி பொதிகளை நிறுவும் கம்போசர், டெவலப்பர் பொதிகள் இல்லாமல், கிளாஸ்களைத் தேடி ஏற்றும் ஆட்டோலோடரைச் செம்மைப்படுத்தி ஓடுகிறது. நகல் தளத்தில் இதைச் செய்ததும் எஸ்எம்எஸ் நின்றது. எஸ்எம்எஸ் சாவியைக் கிளாஸ் ஒன்று நேராக என்வ் மூலம் படித்துக்கொண்டிருந்தது. கான்ஃபிக் கேஷ் ஆனபின் லாராவெல் என்வ் கோப்பைப் படிப்பதே இல்லை. கிடைத்தது வெற்று மதிப்பு. என்வ் அழைப்பு கான்ஃபிக் கோப்புகளுக்குள் மட்டுமே இருக்கலாம். தொகுத்த பிஎச்பி கோடை நினைவகத்தில் வைக்கும் ஓபிகேஷில், கோப்பு மாறியதா என்று அதன் நேரத்தைச் சோதிக்கும் அமைப்பு அணைக்கப்பட்டது. எனவே ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பின்னும் எஃப்பிஎம்மை மறுதொடக்கம் செய்வதும், க்யூ வேலையாளுக்கு மறுதொடக்க ஆணை கொடுப்பதும் ஏற்றும் ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டன. க்யூ வேலையாள் பழைய கோடை நினைவகத்தில் வைத்துக்கொண்டே ஓடுவார். சொல்லாமல் விட்டால் புது எஸ்எம்எஸ் வாசகம் மறுநாளும் போகாது.

இடமாற்றம். இந்தியாவுக்குள் இருக்கும் டேட்டா சென்டருக்கு, அதே அளவு சர்வருக்கு. டிஎல்எஸ் 1.3, எச்டிடிபி 2. போய்வரல் 35 மில்லிநொடி. மூன்று போய்வரலுக்கு 105. டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை, அதாவது தளத்தின் சர்வர் முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, இரண்டு நாள் முன்பே ஐந்து நிமிடத்துக்கு இறக்கி, அடுப்பு அணைந்த பின், இரவு பதினொன்றுக்கு மாற்றினார்கள். பழைய சர்வர் ஒரு வாரம் பராமரிப்புப் பக்கத்தோடு உயிரோடு இருந்தது.

படங்கள். ஏற்றியதும் க்யூவில் 320, 640, 1200 அகலங்களில் வெப்பி வடிவம் உருவாகும். 1.2 கோடி பிக்சல் உள்ள படம் நினைவகத்தில் விரியும்போது பிக்சலுக்கு நான்கு பைட் வீதம் 48 எம்பி. திருப்பும்போது இரண்டாவது பிரதி. 128 எம்பி வரம்பில் இது விளிம்பில் நிற்கும் என்பதால் அந்த வேலையாளுக்கு மட்டும் 256. திருப்புவது எதற்கு? போன் படத்தின் திசை எக்ஸிஃப் தகவலில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் சுருக்கிய முதல் தொகுதியில் தேன்குழல் தட்டுகள் எல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து நின்றன. பட்டியல் படங்களுக்குச் சோம்பல் ஏற்றம் உண்டு; மேலே உள்ள பெரிய படத்துக்குக் கிடையாது, இருந்தால் எல்சிபி, அதாவது பக்கத்தின் மிகப் பெரிய பகுதி திரையில் தெரிய ஆகும் நேரம், கெடும்.

கேஷ். மெனு, வகைகள், பின்கோடு வாரியாக அனுப்பும் கட்டணம் ஆகியவை மட்டும் ரெடிஸில். கட்டணத்தைக் கடை மாற்றினால் உடனே அழியும். கையிருப்பு கேஷில் இல்லை. இருபது கிலோ மணகோலம் போட்ட அன்றைக்கு இருபத்தொன்றாவது கிலோ விற்றால் பணத்தைத் திருப்ப வேண்டும், அல்லது ஆச்சி மறுபடி அடுப்பு மூட்ட வேண்டும். மூன்று மில்லிநொடிக் குவெரியை மிச்சப்படுத்த அது தேவையில்லை.

தள்ளிவைத்தவை இரண்டு. லாராவெலைப் புதிய பதிப்புக்கு ஏற்றுவது, பண்டிகைக்கு முன் வேண்டாம் என்று. லாராவெல் செயலியை ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிதாகத் தொடங்காமல் வைத்திருக்கும் ஆக்டேனும் தள்ளப்பட்டது; கோடில் ஸ்டாட்டிக் மாறிகளில் கூடையைப் பிடித்து வைக்கும் கிளாஸ் ஒன்று இருந்தது. ஆக்டேனில் செயலி வேண்டுகோள்களுக்கு இடையே உயிரோடு இருப்பதால் ஒருவர் கூடை இன்னொருவருக்குப் போகும். சிடிஎன்னில் பட்ட பாடு ஒரு முறை போதும்.

சோதனையும் விளைவும்

நகல் தளத்தில் கே6 என்ற சுமைச் சோதனைக் கருவி கொண்டு ஐம்பது பேர் ஒரே நேரத்தில் உலவுவதுபோலச் சுமை கொடுக்கப்பட்டது. எஸ்எம்எஸ் சேவையின் இடத்தில், வேண்டுமென்றே பதிலைத் தாமதிக்கும் ஒரு போலிச் சேவை. பழைய கோடில் தளம் உடனே நின்றது. புதியதில் எஸ்எம்எஸ் மட்டும் பின்தங்கியது, பக்கங்கள் வந்துகொண்டிருந்தன. முகப்புப் பக்கத்தின் பிஎச்பி நேரம் 1.9 நொடியிலிருந்து 160 மில்லிநொடிக்கு வந்தது. 4ஜி போனில் எல்சிபி கூகுள் சொல்லும் 2.5 நொடி எல்லைக்குள் வந்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் தளம் நிற்கவில்லை. சர்வர் அதே இரண்டு கோர், 4 ஜிபிதான். வேறு ஒன்று நின்றது. ஒரு மதியம் கடையிலிருந்து பரிசுப் பெட்டிப் படங்கள் இருநூற்றுக்கு மேல் ஒரே மூச்சில் ஏற்றப்பட்டன. படச் சுருக்கமும் எஸ்எம்எஸ்ஸும் ஒரே க்யூவில், ஒரே வேலையாள். ஆர்டர் போட்டவர்களுக்கு எஸ்எம்எஸ் வர இருபது நிமிடம் ஆனது. "பணம் போயிருச்சு, மெசேஜ் வரலை" என்று கடை போன் ஓயாமல் அடித்தது. அன்று மாலையே க்யூ இரண்டாகப் பிரிக்கப்பட்டது: செய்திகளுக்கு ஒரு வேலையாள், படங்களுக்குத் தனியாக இன்னொருவர். முன்னுரிமை வைத்து ஒரே வேலையாளை இரண்டையும் பார்க்கச் சொல்லலாம். ஆனால் பாதியில் இருக்கும் படத்தை முடிக்காமல் அவர் செய்திக்கு வரமாட்டார்.

பணம் கட்டும் சேவையின் வெப்ஹூக், அதாவது பணம் வந்துவிட்டது என்று அது தளத்துக்கு அனுப்பும் தகவல், ஒரே கட்டணத்துக்கு இரண்டு முறை வந்ததும் அந்த வாரம் தெரிந்தது. அப்படி வரலாம் என்பது அத்தகைய சேவைகளின் இயல்பு. கட்டண எண்ணுக்கும் யுனீக் இண்டெக்ஸ் போடப்பட்டது. இரட்டைச் சீட்டு அதன்பின் அச்சாகவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எஃப்பிஎம் நிலைப்பக்கமும் ஸ்லோ லாக்கும் தளம் தொடங்கிய நாளிலேயே இருந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து வரி அமைப்பு. வரிசையில் பத்துப் பேர் நின்றால் பராமரிப்பாளர் போனுக்குச் செய்தி வரும்படி இப்போது வைத்திருக்கிறார்கள்.

க்யூவைக் கண்காணிக்கும் ஏற்பாடு க்யூவை நிறுவும்போதே தேவை. சுமைச் சோதனையில் வாடிக்கையாளரின் பக்கங்கள் மட்டுமே சோதிக்கப்பட்டன. கடைக்காரர் பக்கத்து வேலைகளான படம் ஏற்றுதல், மாதக் கணக்கு ஏற்றுமதி, விலைப் பட்டியல் மாற்றம் ஆகியவை சேரவில்லை. அடுத்த சோதனையில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும்.

இருப்புப் பேரேடு வளர்ந்துகொண்டே போகும். இண்டெக்ஸ் இருந்தாலும் ஒரு பொட்டலத்தின் எல்லா வரிகளையும் கூட்டத்தான் வேண்டும். மார்ச் கடைசியில் கணக்கு முடிக்கும்போது பழைய வரிகளை வேறு டேபிளுக்கு மாற்றி, பொட்டலத்துக்கு ஒரு தொடக்க இருப்பு வரி மட்டும் ஏற்றுவது என்று கணக்குப்பிள்ளையோடு பேசி முடிவாகியிருக்கிறது. அவர் நோட்டில் "முன்பாக்கி" என்று எழுதித் தொடங்குவதும் அப்படித்தான். லாராவெல் பதிப்பு மாற்றம் பொங்கல் ஆர்டர்கள் முடிந்த பிறகு.